"கவனமாக இருங்கள்" என்றால் எதில்?

கணவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருந்தால் மனைவிக்கும் வந்துவிடுமா? மனைவிக்கு இருந்தால் கணவருக்கு? இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு உறவுக்காரப் பெண் கேட்டாள். ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்து ஒரு தோழி கேட்டார். எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நான் சாதாரணக் குரலிலேயே பதில் சொல்கிறேன். ஒருவருக்கு ஒருவர் மட்டுமே துணையாக வாழும் கணவன் மனைவிக்கிடையே உடலுறவு வழியாக இந்த வைரஸ் தொற்றுவது மிக மிக அரிது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் ஒரு குடும்பம் படுகிற பாட்டையும் உண்மையான ஆபத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு அது இருந்தது. குணமாகிவிட்டது. எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "என் பெயரை மட்டும் போடாதே, மற்றதையெல்லாம் எழுது" என்றார்.

2019-இல் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். அறுவைக்கு முன்பு எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் 'எச்.சி.வி. ரியாக்டிவ்', அதாவது ஹெபடைடிஸ் சி வைரஸின் அடையாளம் தெரிகிறது என்று வந்தது. அதற்கு முன்னால் எந்த அறிகுறியும் இல்லை. மஞ்சள் காமாலை வந்ததில்லை, வயிறு வலித்ததில்லை. கொஞ்சம் அசதி இருந்தது. ஐம்பதைக் கடந்த மனிதருக்கு அசதி இருப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அந்தத் தனியார் மருத்துவமனையில் அறுவையைத் தள்ளிவைத்தார்கள். மருத்துவர் அவரை மட்டும் உள்ளே அழைத்து, கல்லீரல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எழுந்து வரும்போது, "வீட்டில் கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

எதில் கவனம்? சாப்பாட்டிலா, தட்டிலா, படுக்கையிலா, குளியலறையிலா? அவர் சொல்லவில்லை. வெளியே வந்த என் கணவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் பயத்துக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டார்கள். அத்தை அவருக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைத்து, அவற்றைக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கழுவ ஆரம்பித்தார். மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில், "அம்மா, நீங்களும் அப்பாவும் ஒரே துண்டைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டான். அவரோ யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், இரவில் பாயை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் படுத்துக்கொண்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார். ஆனால் இருபது வருடங்களுக்கு மேல் பக்கத்தில் படுத்திருந்த மனிதர் காரணம் சொல்லாமல் எழுந்துபோனால், அந்த இருட்டில் ஒரு பெண்ணின் மனத்தில் என்னென்ன ஓடும் என்பது படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதைவிட மோசமானது வெளியிலிருந்து வந்தது. எச்.சி.வி. என்று சொன்னதை எச்.ஐ.வி. என்று காதில் வாங்கிக்கொண்ட உறவினர்கள் உண்டு. சரியாகக் காதில் வாங்கியவர்களும், "இது எப்படி வந்ததாம்?" என்று ஒரு மாதிரி இழுத்தார்கள். என் நாத்தனார் நேராகவே கேட்டுவிட்டார்: "அண்ணி, உங்களுக்கு அண்ணன்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லையே?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அது வீட்டை விட்டு லேசில் போகாது.

எங்கள் நல்ல காலம், அடுத்ததாக நாங்கள் போய்ப் பார்த்தது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் மருத்துவர். அவர் முதலில் செய்த காரியம், "வீட்டுக்காரம்மா எங்கே? உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றது. இருவரையும் உட்காரவைத்து அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. "உங்களுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?"

1994-இல் ஏற்றியிருந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்து ஒரு நர்சிங் ஹோமில் கிடந்தபோது. அந்தக் காலத்தில் நம் நாட்டு ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி-க்கான பரிசோதனை கட்டாயமாக இருக்கவில்லை; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கட்டாயமானது. காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பவர்களும் அப்போது ஏராளம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 1998 ஜனவரி முதல்தான் அதற்குத் தடை வந்தது. வைரஸையே 1989-இல்தான் அடையாளம் கண்டிருந்தார்கள். அதற்கு முன்பு 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்ற பொருளில்தான் அந்த நோய்க்குப் பெயரே இருந்தது. அதைக் கண்டறிந்த வேலைக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஓர் உயிரைக் காப்பாற்ற ஏற்றிய ரத்தத்தோடு வந்த விருந்தாளி, கால் நூற்றாண்டு சத்தமே இல்லாமல் அவர் கல்லீரலில் குடியிருந்திருக்கிறது. இதில் யாருடைய ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"அப்படியானால் எனக்கு?" என்று கேட்டேன். "உங்களுக்கும் ஒரு சோதனை எடுத்துவிடுவோம். ஆனால் இல்லை என்றுதான் வரும் என்று நினைக்கிறேன்" என்றார் மருத்துவர். அப்படியே வந்தது.

நான் கணக்கு ஆசிரியை. 'இல்லை என்றுதான் வரும்' என்று ஒருவர் அவ்வளவு நிதானமாகச் சொன்னால், அதற்குப் பின்னால் ஓர் எண் இருக்க வேண்டும். அதைத் தேடிப் பிடித்தேன்.

இந்தக் கேள்விக்காகவே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வட கலிஃபோர்னியாவில் நோரா டெரோ என்ற கல்லீரல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நடத்தியது, 2013-இல் வெளியானது. தொற்று உள்ள 500 பேரையும், நீண்டகாலமாக அவர்களுடன் மட்டுமே வாழும் துணைவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தம்பதியையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள்: பழைய ஊசிகள், ரத்தம் ஏற்றிக்கொண்டது, சவரக்கத்தியைப் பகிர்ந்துகொள்வது, படுக்கையறைப் பழக்கங்கள், எல்லாவற்றையும். துணைவர்களில் 20 பேருக்கு, அதாவது 100-க்கு 4 பேருக்கு, இந்த வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. நம் ஊராக இருந்தால் இதோடு விசாரணை முடிந்திருக்கும். "பார்த்தாயா, தொற்றிக்கொண்டது" என்று தீர்ப்பு எழுதியிருப்போம். அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. ஒரே வகைக்குள்ளும் ஆளுக்கு ஆள் அதன் மரபணு வரிசை மாறியிருக்கும். கணவன் உடலில் இருக்கும் வைரஸும் மனைவி உடலில் இருக்கும் வைரஸும் நெருங்கிய சொந்தம்தானா என்று அந்த வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெருங்கிய ஒற்றுமை தெரிந்தது மூன்றே தம்பதிகளிடம்.

500-இல் 3. எதிர்ப்பொருள் இருந்த மற்ற துணைவர்களில் பலருக்கு வைரஸின் வகையே வேறு. அதாவது அவரவருக்கு அவரவர் வழியில் வந்தது. ஒரே கட்டிலில் படுத்ததால் வந்ததல்ல.

அந்தத் தம்பதிகள் சேர்ந்து வாழ்ந்த காலத்தையெல்லாம் கூட்டி, அவர்கள் போட்ட கணக்கு இது: ஆண்டுக்கு அதிகபட்சம் 0.07 விழுக்காடு. 10,000 தம்பதிகள் ஓராண்டு வாழ்ந்தால், அதிகபட்சம் ஏழு பேருக்குத் தொற்றலாம். உறவு கொள்ளும் எண்ணிக்கையில் சொன்னால், ஏறக்குறைய 1,90,000 தடவைக்கு ஒன்று. தினமும் ஒரு தடவை என்று வைத்தாலும் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கால் நூற்றாண்டு மணவாழ்க்கைக்குக் கூட்டினாலும் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. அதுவும் 'அதிகபட்சம்' என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமிருந்த தம்பதிகள் எல்லோருக்குமே உறவின் வழியாகத்தான் தொற்றியது என்று வைத்துக்கொண்டால் வரும் எண் அது. எந்தக் குறிப்பிட்ட உறவுப் பழக்கமும் தொற்றோடு சம்பந்தப்பட்டதாக அந்த ஆய்வில் தெரியவரவில்லை.

இத்தாலியில் இன்னொரு விதமாகச் செய்தார்கள். தொற்று உள்ளவர்களின் துணைவர்கள் 895 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள், 2004-இல் வெளியிட்டார்கள். ஆணுறை பயன்படுத்தாத தம்பதிகள் அவர்கள். இடையில் மூன்று பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. மூன்றிலும் வைரஸை ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டில் இருந்த வைரஸ் அல்ல அது. வெளியிலிருந்து வந்தது. பத்தாண்டில் ஒரு தம்பதிக்குள்கூடத் தொற்றவில்லை.

நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதற்கு அடுத்தது. கணவன் மனைவி இருவருக்குமே தொற்று இருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில்தான் சண்டை பெரிதாகிறது. யார் யாருக்குக் கொடுத்தது? 1990-களில் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, மணமாகி எத்தனை ஆண்டாகிறதோ அதற்கேற்ப இருவருக்கும் தொற்று இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் படுக்கைதான் காரணம் என்று தோன்றும். ஆனால் கல்யாணம் நீள நீளக் கூடுவது அது ஒன்று மட்டுமா? ஒரே ஊரில், ஒரே மருத்துவரிடம், ஒரே ஊசியில் குத்திக்கொண்ட வருடங்களும்தானே கூடுகின்றன?

எங்கள் ஊரில் ஒரு மருத்துவர் இருந்தார். நல்லவர், ஏழைகளிடம் காசு வாங்க மாட்டார். அவர் மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். கீழே ஸ்பிரிட் விளக்கு, டப்பாவில் தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு கண்ணாடிச் சிரிஞ்சுகளும் நாலைந்து ஊசிகளும். கம்பவுண்டர் இடுக்கியால் ஒன்றை எடுத்து, தண்ணீரை உதறி, மருந்தை ஏற்றிக் கொடுப்பார். கூட்டம் இல்லாத நாளில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். திங்கட்கிழமைகளில் சந்தைக்கு வந்த கூட்டம் திண்ணை வரை நிற்கும்போது, கொதிக்க ஏது நேரம்? முந்தைய ஆளுக்குப் போட்ட ஊசியை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி அடுத்த ஆளுக்குப் போடுவதை நானே சிறுமியாக வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று நம்பிய காலம். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பேசுவார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமே அந்த ஒரே டப்பாவிலிருந்து குத்திக்கொண்டது.

இதையே ஒரு நாடு முழுவதும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து இருக்கிறது. நைல் நதிக் கரையில் நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசே ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. ஒரு தடவை அல்ல, ஒருவருக்கே பல தடவை போட வேண்டிய மருந்து. ஊசிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். ஒட்டுண்ணி குறைந்தது, ஹெபடைடிஸ் சி வந்தது. உலகிலேயே மிக அதிகமாக இந்தத் தொற்று இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அங்கே ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் சேர்ந்து தொற்று இருந்தால், முதலில் படுக்கையறையைச் சந்தேகிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! 2018-இல் தொடங்கி அதே எகிப்து சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்று இருந்தவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்து, உலக சுகாதார நிறுவனமே பாராட்டும் நிலைக்கு வந்தது.

அயர்லாந்தின் கதை வேறு. 1977, 78-இல் அங்கே பிரசவித்த தாய்மார்களுக்குப் போட்ட ஆன்டி-டி ஊசி மருந்தில் இந்த வைரஸ் கலந்துவிட்டது. தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவாக இருந்து, குழந்தையுடையது பாசிட்டிவாக இருந்தால் போடும் ஊசி அது. நம் ஊரிலும் இன்றும் போடுகிறார்கள். 1994-இல் விஷயம் வெளியே வந்தபோது, நூற்றுக்கணக்கான பெண்கள் பதினாறு, பதினேழு ஆண்டுகளாக அந்த வைரஸோடு குடும்பம் நடத்தியிருந்தார்கள். தொற்றிய காலம் தெரியும், தொற்றிய வழி தெரியும், எல்லோருக்கும் ஒரே மூலம். அவர்களுடைய கணவர்களையும் பிள்ளைகளையும் சோதித்தார்கள். தொற்று மிக மிகச் சிலருக்கே இருந்தது. இப்படி ஒரு சோதனையை எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்று செய்ய முடியாது. ஒரு அரசு அமைப்பின் அலட்சியம் அதைச் செய்துவிட்டது.

அந்தப் பெண்களில் ஒருவர் டொனகால் பகுதியைச் சேர்ந்த பிரிஜிட் மக்கோல். பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். வழக்குத் தொடுத்தபோது தன் உண்மைப் பெயர் வெளியே தெரியாமல் புனைபெயரில் வாதாட அனுமதி கேட்டார். நீதிமன்றம் மறுத்தது. 1996 அக்டோபரில் இறந்துபோனார். அரசே போட்ட ஊசியால் வந்த நோய்க்கு, அந்தத் தாய் ஏன் தன் பெயரை மறைக்க நினைக்க வேண்டும்? என் கணவர் கூடத்தில் பாய் விரித்த இரவுகளை நினைத்தால் அதன் விடை எனக்குப் புரிகிறது.

சரி, கணவன் மனைவிக்கிடையே ஏன் இது எளிதில் தொற்றுவதில்லை? ஹெபடைடிஸ் சி ரத்தத்தில் வாழும் வைரஸ். அது பெருகுவது கல்லீரல் செல்களில். ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான் அதற்கு வழி. விந்திலும் பெண்ணுறுப்பின் சுரப்பிலும் சில சமயம் அதன் தடயத்தைக் காண்கிறார்கள். ஆனால் அது மிகக் குறைவு. முத்தம், கட்டிப்பிடித்தல், ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே தம்ளரில் தண்ணீர், ஒரே கழிப்பறை, இருமல், தும்மல் எதிலும் இது தொற்றாது. அத்தை கொல்லைப்புறத்தில் தனியாகக் கழுவிய அந்தத் தம்ளரால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டிலேயே தலைகுனிந்து சாப்பிட்டதுதான் மிச்சம். மருத்துவர் சொன்னதை அத்தையிடம் நான் எடுத்துச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் தம்ளரைக் கொண்டுவந்து அடுக்களை அலமாரியில் மற்றவற்றோடு வைத்தார்.

ஆபத்து கூடும் இடங்களையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் கணக்கே வேறு. 2000-க்குப் பிறகு லண்டன், ஆம்ஸ்டர்டாம், பெர்லின் போன்ற நகரங்களில் எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே ஹெபடைடிஸ் சி உறவு வழியாகவே பரவியது. பலரோடு உறவு இருந்தாலும், பிறப்புறுப்பில் புண் இருந்தாலும், உறவின்போது காயமோ ரத்தக் கசிவோ நேர்ந்தாலும், ஆசனவாய் வழி உறவிலும் வாய்ப்பு கூடும். மாதவிடாய் ரத்தத்திலும் வைரஸ் இருக்கும் என்பதால், மனைவிக்குத் தொற்று இருந்து இன்னும் சிகிச்சை முடியவில்லை என்றால், அந்த நாள்களில் தவிர்த்துவிடுவது நல்லது. இவை எதுவும் இல்லாத, ஒருவரோடொருவர் மட்டும் வாழும் தம்பதிக்கு, "உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை" என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஆலோசனை. வேண்டுமென்றால் ஆணுறை பயன்படுத்தலாம். அது அவர்கள் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. ஒருவர் மட்டும் எழுந்து கூடத்துக்குப் போவதால் முடியாது.

உண்மையில் கவனம் வேண்டியது குளியலறையில். எங்கள் வீட்டில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதில் அவருடைய சவர ரேஸர், அதே ரேஸரை விடுமுறைக்கு வரும் மகனும் எடுப்பான். பக்கத்தில் குடும்பத்துக்கே பொதுவான ஒரு நகவெட்டி, காலண்டர் ஆணியில் தொங்கும் சங்கிலியோடு. நான்கு பல் துலக்கிகள் ஒரே குவளையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு. இத்தனை வருடமாக அவற்றை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. ஆனால் சவரம் செய்யும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத கீறலும், ஈறில் கசியும் ரத்தமும், நகக்கண்ணில் வரும் காயமும்தான் ரத்தம் ரத்தத்தோடு சேரும் வாசல்கள். வைரஸ் உலர்ந்த ரத்தத் துளியில் அறை வெப்பத்தில் வாரக்கணக்கில்கூட உயிரோடிருக்கக் கூடியது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த வாரமே ஆளுக்கொரு ரேஸர், ஆளுக்கொரு நகவெட்டி, ஆளுக்கொரு குவளை என்று பிரித்துவிட்டோம். ஆன செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. சர்க்கரை பார்க்கும் கருவியில் விரலைக் குத்தும் ஊசியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சர்க்கரை இருக்கும் வீடுகளில் அதை மாற்றி மாற்றிக் குத்திக்கொள்கிறார்கள். அது கூடவே கூடாது. ரத்தம் சிந்தினால், கையுறை போட்டுக்கொண்டு பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். காயத்தை மூடி வைக்க வேண்டும். அந்த முதல் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஹெபடைடிஸ் பி-யையும் சி-யையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பி உடலுறவு வழியாக எளிதில் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. துணைக்கு பி இருந்தால் மற்றவர் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் மருந்தால் முழுவதும் குணமாகிறது. பி-க்கு அப்படிக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சோதிப்பது நல்லது, ஏனென்றால் சி-க்கு மருந்து சாப்பிடும்போது, உள்ளே பதுங்கியிருக்கும் பி தலைதூக்கக் கூடும்.

குணமாகிறது என்றேனே, அது அண்மைக்காலத்து அதிசயம். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டு, காய்ச்சலும் சோர்வும் மனச்சோர்வுமாகக் கிடந்தும் பலருக்குப் பலன் இருக்காது. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர் என்று விலை வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததால் இங்கே விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். என் கணவருக்குக் கல்லீரல் சுருங்கும் நிலை வந்திருக்கவில்லை. சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் இரண்டு மாத்திரைகளைத் தினமும் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டார். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த சோதனையில் வைரஸ் இல்லை. இந்த மருந்துகளால் 100-இல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. வைரஸ் போன பிறகு துணைக்குத் தொற்றும் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே சோதித்து, சிகிச்சையை முடித்துக்கொள்வது மிக நல்லது. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 100-க்கு ஐந்தாறு. கணவன் மனைவிக்கிடையே உள்ளதைவிட அது எவ்வளவோ பெரிய எண்.

எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அந்தக் கண்ணாடிச் சிரிஞ்சில் அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பொது ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள், போதை ஊசி பழகியவர்கள் எல்லோரும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்ப்பொருள் சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்தால், நோய் இருக்கிறது என்று அர்த்தமல்ல; எப்போதோ வைரஸ் வந்துபோயிருக்கலாம். நூற்றில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேர் வரை, மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் அதை வென்றுவிடுகிறார்கள். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை 'வைரல் லோடு' சோதனைதான் சொல்லும். அந்த முடிவு வருவதற்குள் யாரையும் எதற்காகவும் குற்றம் சொல்லாதீர்கள், தட்டைப் பிரிக்காதீர்கள்.

குணமான பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அடுத்த தடவை கண்புரைக்கோ பல்லுக்கோ போனால், சோதனையில் மறுபடியும் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். ரத்ததானம் செய்ய முடியாது. புதிதாகத் தொற்று வராமல் காக்கும் சக்தியும் அந்த எதிர்ப்பொருளுக்கு இல்லை, அசுத்த ஊசி குத்தினால் மறுபடி வரலாம். சிகிச்சை முடிந்த பிறகு எடுத்த 'வைரஸ் இல்லை' என்ற முடிவைப் பத்திரமாக வையுங்கள். ஒரு நகல் கோப்பில், ஒரு படம் இருவர் கைபேசியிலும். போன வருடம் அவருடைய கண்புரை அறுவைக்கு முன்பு ஒரு செவிலியர் தயங்கினார். நான் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, அவருடைய கோப்பின் மேலட்டையில் ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டைக் கிழித்தெடுத்தார்.